மூழ்கிய பார்ஜும் படகில் நின்ற ரெஹானாவும்

போன வருடம் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டதைப் பற்றி எழுதியபோது, பின்னூட்டத்தில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். சென்னைக்குப் பக்கத்தில் எதுவும் இல்லையா, எல்லாவற்றுக்கும் அந்தமான்தான் போக வேண்டுமா? இருக்கிறது. தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். பிப்ரவரி முதல் வார இறுதியில் நாங்கள் மூன்று பேர் கோவளத்தில் தங்கி இரண்டு நாள் டைவ் செய்துவிட்டு வந்தோம். மூழ்கிக் கிடக்கும் ஒரு பார்ஜையும் (சரக்கு ஏற்றும் தட்டையான இரும்புப் படகு), மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் கடலடிப் பாறைத் திட்டு ஒன்றையும் பார்ப்பதுதான் திட்டம். திட்டப்படி எல்லாம் நடக்கவில்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன். போக நினைப்பவர்களுக்கு அதுதான் அதிகம் உதவும் என்று தோன்றுகிறது.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஜெசி, சேலையூரில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ரெஹானா பல்லாவரத்தில் தம்பியோடு சேர்ந்து பள்ளிச் சீருடை தைக்கும் யூனிட் வைத்திருக்கிறாள். ஜூன் மாதம் வந்தால் அவளைத் தொலைபேசியில்கூடப் பிடிக்க முடியாது. உமா மேடவாக்கத்தில் குடியிருந்துகொண்டு சிறுசேரிக்கு வேலைக்குப் போகிறவள். ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு நீச்சல் வகுப்பில் சந்தித்தோம். நாற்பதைத் தொட்ட பெண்கள் அந்த வகுப்பில் நாங்கள் மூன்று பேர்தான். பக்கத்தில் பத்து வயதுப் பிள்ளைகள் மீன்குஞ்சு மாதிரி போய்க்கொண்டிருக்க, நாங்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தோம். அந்த அவமானத்தில் உண்டான சிநேகம் உறுதியாகத்தான் இருக்கிறது.

நோன்பு தொடங்குவதற்கு முன் போய்விட வேண்டும் என்று ரெஹானாதான் பிடிவாதமாக இருந்தாள். மார்ச்சில் கடல் இன்னும் தெளிவாக இருக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. நோன்புக் காலத்தில் அவளால் வர முடியாது, அதனால்தான் சொல்கிறாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை விடியுமுன் ரெஹானாவே காரை எடுத்துக்கொண்டு வந்தாள். கேம்ப் ரோடில் என்னையும் மேடவாக்கத்தில் உமாவையும் ஏற்றிக்கொண்டு, சோழிங்கநல்லூர் வழியாக ஈ.சி.ஆரைப் பிடித்தோம். மொத்தம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஒரு மணி நேரம். எட்டு மணிக்குக் கிளம்பினால் மேடவாக்கம் ஜங்ஷனிலேயே தண்ணீர் லாரிகளுக்கு நடுவில் வாழ்க்கையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கலாம். தாம்பரத்துக்குத் தெற்கே இருப்பவர்கள் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக வருவது நல்லது.

டைவ் சென்டரை நடத்தும் பிரதீப்புக்கு முப்பது வயது இருக்கும். கிளம்புவதற்கு முன் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டான். ஆஸ்துமா, இரத்த அழுத்தம், ஏதாவது மாத்திரை, சளி, காதடைப்பு? நான் இல்லை என்றேன். உமா இல்லை என்றாள். ரெஹானா தலையை ஆட்டினாள். பிறகு டைவிங் உடைகளைக் கொடுத்தான். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் ரப்பர் உடை. அதற்குள் உடம்பை நுழைப்பது டைவிங்கைவிடக் கஷ்டமான வேலை. ரெஹானா தலைக்கும் அதே துணியில் தொப்பி வாங்கி வைத்திருக்கிறாள். கடலுக்குள் எல்லோரும் தன்னைப் போலவே மூடிக்கொண்டுதான் வருகிறார்கள் என்பதில் அவளுக்கு ஒரு திருப்தி.

படகோட்டி மூர்த்தி அண்ணன் கோவளம் குப்பத்துக்காரர். கரையிலிருந்து பார்ஜ் கிடக்கும் இடம் ஆறு கிலோமீட்டர், ஃபைபர் படகில் முக்கால் மணி நேரம். அது எப்போது மூழ்கியது, எதை ஏற்றிக்கொண்டு போனது என்று கேட்டேன். ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அதில் சிக்கித் தன் வலை கிழிந்தது மட்டும்தான் தனக்குத் தெரியும் என்றார்.

டைவிங்கில் யாரும் தனியாக இறங்குவதில்லை. ஜோடி ஜோடியாகத்தான். ஒருவர் மேலே வந்தால் மற்றவரும் வந்துவிட வேண்டும். அதில் பேச்சே இல்லை. அன்று உமா பிரதீப்போடு, நான் ரெஹானாவோடு. பார்ஜில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்கு பேரும் இறங்கினோம். பார்ஜ் பத்தொன்பது மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது.

ஆறு மீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம், ரெஹானா நின்றுவிட்டாள். காதைச் சுட்டிக்காட்டி, கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். ஏதோ சரியில்லை என்று அர்த்தம். கீழே போகப் போக நீரின் அழுத்தம் காதுப் பறையை உள்ளே தள்ளும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் உள்ளே காற்று போய்ச் சமமாகும். அவளுக்கு அது ஆகவில்லை. கொஞ்சம் மேலே வந்து மறுபடி முயன்றோம். மறுபடி வலி. இன்னொரு முறை. மாஸ்குக்குள் அவள் கண்கள் சுருங்குவது எனக்குத் தெரிந்தது. கீழே பார்த்தேன். பச்சை நிறம் கருத்துப் போகும் இடத்தில், பெரிதாக, மூலைகளோடு ஏதோ ஒன்று இருப்பது போலிருந்தது. அவ்வளவுதான். மேலே போகலாம் என்று கட்டை விரலை மேல்நோக்கிக் காட்டினேன். நாங்கள் படகை அடையும்வரை பிரதீப் அதே ஆழத்தில் நின்று பார்த்துவிட்டு, உமாவைக் கூட்டிக்கொண்டு இறங்கினான்.

படகில் ஏறி மாஸ்க்கைக் கழற்றியபோது ரெஹானாவின் மூக்கிலிருந்து கொஞ்சம் இரத்தம் வந்தது. மூர்த்தி அண்ணன் துண்டை நனைத்துக் கொடுத்தார். அவள் துடைத்துக்கொண்டே, “காலையில மாத்திரை போட்டேன்,” என்றாள்.

“என்ன மாத்திரை?”

“சளிக்கு. மூணு நாளா இருக்கு.”

பிரதீப் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சளி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது சும்மா இறங்குவதைவிட மோசம். இறங்கும்போது காது திறந்துகொள்ளும். அடியில் இருக்கும்போது மாத்திரையின் வேகம் குறைந்துவிட்டால், உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். மேலே வர வர அது விரியும். காற்றின் அழுத்தமும் கொள்ளளவும் பற்றி வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான். அவள் காது அன்று முதலிலேயே மறுத்தது நல்லதாகப் போயிற்று. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவள் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் காதைப் பற்றிய பயம் பாதி, பார்ஜைப் பார்க்காமல் வந்த எரிச்சல் பாதி. எது எவ்வளவு என்று அந்த நேரத்தில் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

உமா சிரித்துக்கொண்டே மேலே வந்தாள். “ஜெசி, அங்க ஒரு கலவா மீன், சோஃபா அளவுக்கு...” என்று ஆரம்பித்து, எங்கள் முகங்களைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். பிரதீப் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் திட்டவில்லை. “அக்கா, இந்த ட்ரிப்ல உங்களுக்கு டைவ் கிடையாது. கரைக்குப் போனதும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க,” என்றான். அவள் சரி என்றாள்.

திரும்பும் வழியில்தான் பார் இருக்கிறது. ரெஹானா போகச் சொல்லியும் உமாவும் நானும் தயங்கினோம். வலி குறைந்துவிட்டது, ஒரு மணி நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது என்று அவள் வற்புறுத்திய பிறகு பிரதீப்போடு இறங்கினோம். பதினோரு மீட்டர் ஆழம்தான். படங்களில் பார்க்கிற வண்ணப் பவளத் தோட்டத்தை எதிர்பார்க்காதீர்கள். கரும்பாறைகள், அவற்றின்மேல் ஆரஞ்சு நிறத்தில் சாட்டை சாட்டையாக மென்பவளங்கள், இடுக்குகளில் கடல் விசிறிகள். ஒரு பொந்திலிருந்து அஞ்சாலை ஒன்று தலையை நீட்டி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. பாம்பு மாதிரி இருக்கும் மீன், பார்த்தால் சண்டைக்கு வருவது போலிருக்கும். அது மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். மஞ்சள் கோடு போட்ட சிறு மீன்கள் கூட்டமாக வந்து எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. அழகான இடம். ஆனால் நான் அடிக்கடி மேலே, படகின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் கேளம்பாக்கத்தில் ஒரு காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போனோம். காதுப் பறை கிழியவில்லை, வீங்கியிருக்கிறது, இரண்டு வாரம் டைவிங் கூடாது என்றார். எழுதிக்கொண்டே, விமானப் பயணம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். வழக்கமாகக் கேட்பதுதான். ரெஹானா அவர் எழுதும் சீட்டையே பார்த்தாள். பிறகு, “இருக்கு டாக்டர். பத்து நாள்ல,” என்றாள்.

உமாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கிளம்புவதற்கு முன் மறுபடி வந்து காட்டச் சொன்னார் மருத்துவர். வெளியே வந்ததும் ரெஹானா மருந்துக் கடைக்குப் போய்விட்டாள். நாங்கள் காரில் காத்திருந்தோம்.

சாயங்காலம் கடற்கரையில் மீன் வறுக்கும் கடைகளின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவளாகவே சொன்னாள். கணவர் பல வருடமாக மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். இப்போது ஒரு நண்பரோடு சேர்ந்து அங்கே தையல் கடை எடுத்திருக்கிறார். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். யூனிட்டைத் தம்பி பார்த்துக்கொள்வான். நோன்பு தொடங்குவதற்குள் அங்கே வந்துவிட வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார்.

“இந்த வாரத்த விட்டா எனக்கு வேற வாரம் இல்ல ஜெசி. சளி வந்துச்சுன்னு வீட்ல உக்கார முடியல.”

உமா நேராகப் பேசுகிறவள். “சொல்லியிருந்தா ஜனவரியிலயே வந்திருப்போம்ல?”

“சொல்லியிருந்தா நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பீங்க. அதப் பாத்துக்கிட்டு நான் டைவ் பண்ணணுமா?”

அது உண்மைதான். இப்போதுகூட எங்கள் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். கடைக்காரர் வறுத்த வஞ்சிரத்தைக் கொண்டுவந்து வைத்தார். மூன்று பேரும் சாப்பிட்டோம். என் கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அவள் தன் உயிரோடு விளையாடியிருக்கிறாள், கூடவே என் உயிரோடும். ஆனால் வேறு ஒன்று பெரிதாக வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. இனி சனிக்கிழமை காலையில் கேம்ப் ரோடில் வந்து ஹாரன் அடிக்க ஆள் இருக்காது. ஹாரனை நிறுத்தாமல் அடிப்பாள், பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து பார்க்கும்வரை.

மறுநாள் நானும் உமாவும் டைவை ரத்து செய்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். ரெஹானா அதற்கு ஒப்பவில்லை. நான் பார்ஜைப் பார்க்காமல் திரும்பினால் அந்தப் பாவம் தன்னைச் சேரும், அதையும் மூட்டை கட்டிக்கொண்டு மஸ்கட் போக முடியாது என்றாள். ரெஹானா படகிலேயே, தண்ணீருக்கு மேலே இருப்பதால் காதுக்கு ஒன்றும் ஆகாது என்று பிரதீப்பும் சொல்லிவிட்டான். ஆகவே ஞாயிறு காலையில் எல்லோருமே படகில் ஏறினோம். ஆலய ஆராதனைக்குப் போகாததற்கு நான் பிறகு பதில் சொல்ல வேண்டியிருந்தது, அது வேறு விஷயம்.

இந்த முறை கயிற்றைப் பிடித்து இறங்கும்போது தண்ணீர் முந்தின நாளைவிடத் தெளிவாக இருந்தது. பத்து மீட்டர் தாண்டியதும் பார்ஜ் தெரிந்தது. முதலில் ஒரு நேர்கோடு. கடலுக்குள் நேர்கோடுகள் கிடையாது. அதனால் அது மனிதர் செய்தது என்று மனதுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. பிறகு கோடு சுவராகி, சுவர் முழுக்கப் பாசியும் சிப்பியும் அப்பிய இரும்பாக மாறியது. ஒரு பக்கம் மணலில் புதைந்து, மறுபக்கம் தூக்கிக்கொண்டு கிடக்கிறது. சரக்கு வைக்கும் பள்ளத்துக்குள் செப்பிலி மீன்கள் நூற்றுக்கணக்கில் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன. பேருந்துக்குக் காத்திருக்கும் கூட்டம் மாதிரி. நான் கையை அசைத்ததும் மொத்தமும் ஒரே உடம்பாகத் திரும்பின. கிழிந்த வலை ஒன்று கைப்பிடிக் கம்பியில் சிக்கி, தண்ணீரோடு ஆடிக்கொண்டிருந்தது. பிரதீப் அதன் பக்கம் போகவேண்டாம் என்று சைகை காட்டினான். உமா சொன்ன கலவாவையும் பார்த்தேன். சோஃபா இல்லை. ஒற்றை நாற்காலி.

பார்ஜின் பின்பக்கம் வரை போய்விட்டோம். திரும்பும்போது நீரோட்டம் எதிராக இருந்தது. இதை மீனவர்கள் நீவாடு என்கிறார்கள். மேலே பார்த்தால் தெரியாது. அடியில் கால் எவ்வளவு உதைத்தாலும் இரும்புச் சுவர் அதே இடத்தில் நிற்கும். என் மூச்சு வேகமாகி, டேங்கில் காற்று சீக்கிரம் குறையத் தொடங்கியது. பிரதீப் எங்களைப் பார்த்தான், அழுத்தமானியைப் பார்த்தான், கயிறு வரை போக வேண்டாம் என்று முடிவெடுத்தான். இது ஒழுங்கான முறைதான். கயிறில்லாமல் மேலே வருபவர்கள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நீளப் பையில் காற்றை நிரப்பி மேலே விடுவார்கள். படகு அதைப் பார்த்து வர வேண்டும். பிரதீப் அப்படி ஒன்றை மேலே விட்டான். உடம்பில் கரைந்த வாயு வெளியேற ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, மூன்று பேரும் ஒன்றாக மேலே வந்தோம்.

வந்து பார்த்தால் படகு வெகு தூரத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அரைக் கிலோமீட்டர் இருக்கலாம். அடியில் இருந்தபோது காற்று கிளம்பியிருக்கிறது. அலை எழும்போது படகு தெரிந்தது, இறங்கும்போது வானம் மட்டும். பிரதீப் விசிலை ஊதினான். காற்று எதிர்த் திசையில் அடித்தது. “பயப்படாதீங்கக்கா, பாத்துடுவாங்க,” என்றான். அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, ஆனால் அதைச் சொல்லிவிட்டு மறுபடியும் ஊதினான். உமா என் கையைப் பிடித்திருந்தாள். நாங்கள் மிதந்துகொண்டுதான் இருந்தோம், முழுகிவிடும் ஆபத்து இல்லை. ஆனாலும் கரை ஒரு மங்கலான கோடாகத் தெரிய, நீரோட்டம் நம்மை வடக்கே கொண்டுபோகிறது என்று தெரிந்துகொண்டே மிதப்பது வேறு மாதிரி இருக்கிறது. சத்தமில்லாமல் ஜெபம் செய்தேன்.

அடுத்த அலையில் தூக்கப்பட்டபோது படகின் முனையில் ஒரு உருவம் தெரிந்தது. மஞ்சள் மேல்சட்டை, தலையில் கறுப்புத் துணி. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நேராக எங்களை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றது. நாங்கள் அலைப் பள்ளத்தில் இறங்கினோம். ஏறியபோதும் அந்தக் கை அப்படியே இருந்தது. படகு திரும்பியது. இறங்கினோம், ஏறினோம். படகு கொஞ்சம் பெரிதாகியிருந்தது, கை அதே இடத்தில். பக்கத்தில் வந்து இயந்திரத்தை அணைக்கும்வரை ரெஹானா அந்தக் கையை இறக்கவில்லை.

ஏணியில் ஏறி, டேங்கைக் கழற்றிப் போட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மூர்த்தி அண்ணன்தான் சொன்னார்: “நான் கயித்தாண்டயே பாத்துகினு இருந்தேன் மேடம், வர்ற நேரமாச்சேன்னு. இவங்கதான் காட்டுனாங்க. எனுக்கு இன்னா தெரியுது, ஒண்ணியும் தெரியல. கை போற பக்கமா வுட்டேன், அவ்ளோதான்.”

ரெஹானா என் தோளில் துண்டைப் போர்த்தினாள்.

“நேத்து நீ என்கூட மேல வந்துட்ட,” என்றாள். “இன்னிக்கு கண்ண எடுத்தா உங்கள விட்டுடுவேனோன்னு இருந்துச்சு.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, “சரி, என்ன பாத்த? மொதல்லருந்து சொல்லு,” என்றாள். அன்று கரைக்கு வரும்வரைக்கும், கரையில் இட்லி சாப்பிட்டபோதும், சோழிங்கநல்லூர் சிக்னல்வரைக்கும் நானும் உமாவும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தோம். செப்பிலிகள் எந்தப் பக்கம் திரும்பின என்றுகூடக் கேட்டாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பார்ஜுக்கு இறங்க டைவிங் சான்றிதழ் கட்டாயம். இல்லாதவர்களைப் பாரில் ஆழம் குறைந்த இடத்துக்குப் பயிற்சியாளர் கூட்டிப் போவார். இரண்டு டைவ், கருவிகள், படகு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஏழாயிரம் ரூபாய் ஆனது. அறை வாடகை தனி. கடலின் தெளிவு நாளுக்கு நாள் மாறும், ஆகவே முந்தின நாள் மாலை கூப்பிட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். படகு குலுங்கும். வாந்தி வருகிறவர்கள் காலையில் லேசாகச் சாப்பிடுங்கள். கடைசி டைவுக்குப் பிறகு ஒரு நாள் முழுக்க விமானம் ஏறாதீர்கள்.

சளி இருந்தால் சொல்லிவிடுங்கள். ஊரைவிட்டுப் போகிறீர்கள் என்றாலும் சொல்லிவிடுங்கள். நண்பர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், பிறகு சரியாகிவிடுவார்கள். டைவ் செய்ய முடியாத ஒரு நண்பரைப் படகில் வைத்துக்கொள்வது வீண் என்றும் நினைக்காதீர்கள். உங்களை முகம் தெரிந்து தேடுகிற ஒரு ஜோடிக் கண் மேலே இருப்பது டேங்கில் இருக்கும் காற்றைப் போலத்தான்.

ரெஹானாவின் காது ஆறிவிட்டது. மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் விமானம் ஏறினாள். அவளுக்கு வருடத்தில் ஒரு மாதம் ஊருக்கு வர முடியுமாம். எந்த மாதம் என்று இன்னும் முடிவாகவில்லை என்றாள். கல்யாணங்கள், மகளின் விடுமுறை, கடையின் சீசன் என்று அவள் கணவர் ஆயிரம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் பிரதீப்பைக் கூப்பிட்டு, கோவளத்தில் கடல் எப்போது மிகத் தெளிவாக இருக்கும் என்று கேட்டு அவளுக்கு அனுப்பினேன். அவளிடமிருந்து மறுநாளே பதில் வந்துவிட்டது, மார்ச் இரண்டாம் வார இறுதிக்கு டைவ் பதிவு செய்யச் சொல்லி. நோன்பு ஒவ்வொரு வருடமும் பத்து நாள் முன்னே நகர்கிறது, அடுத்த வருடம் அதற்குள் பெருநாளும் முடிந்திருக்கும், நான் எல்லாம் பார்த்துவிட்டேன் என்றாள்.